ஆனியில் விழுந்த பந்தல்

மோர்னிங்சைட், ஸ்காபரோ
16.04.2024

அன்பு மகன் ராகுலனுக்கு,

அம்மா எழுதுவது. இந்தக் கடிதம் வரும்போது நீ வயிறாறச் சாப்பிட்டு, ஒருவரோடும் கொழுவாமல் இருக்கவேண்டும் என்று முருகனைக் கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன். நான் சுகம். முழங்கால்தான் படி ஏறும்போது சத்தம் போடுகிறது. உன் கடைவாய்ப் பல் எப்படி? உப்புத் தண்ணீர் கேட்டால் தருவார்களா?

நீ மறியலிலிருந்து, அந்தச் சிறைப் போனில், கோல் பண்ணினால் நான் ஏன் எடுப்பதில்லை என்று கேட்டிருந்தாய். என் வாய் உனக்குத் தெரியும். கோபம் வந்தால் வருவதையெல்லாம் சொல்லிவிடும். எழுதினால் முத்திரை ஒட்டும் வரை யோசிக்கலாம். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் என் எழுத்து ஒரு கோட்டில் நிற்கிறது. பல்கலைக்கழகம் போன உன்னுடையது கோழி கிளறியதுபோல் இருக்கிறது.

வருசப்பிறப்பன்று மருத்துநீர் வைத்து முழுகி, சுபநேரம் பார்த்துக் கன்றுகளை வெளியில் நட்டேன். மாசியிலிருந்து யன்னலடியில் தயிர் டப்பாக்களில் வளர்த்தவை. கத்தரி, மிளகாய், பயித்தை, புடலை. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ரூ ஏர்லி, ரூ ஏர்லி" என்று கையை ஆட்டினாள், நேரத்தோடு நட்டுவிட்டேனாம். அவளுக்குப் பஞ்சாங்கம் தெரியுமா? கறிவேப்பிலை மரத்தையும் பகலில் பின்வாசல் பலகை டெக்கில் வைக்கிறேன்.

உன் மகள் லக்சிகா வகுப்பில் கணக்குக்கு முதலாம் பிள்ளை. ரீச்சர் எழுதி அனுப்பியிருக்கிறா. என் மூளைதான் அவளுக்கு. உன்னுடையது இல்லை.

ஆவணியில் பரோல் கேட்கப் போகிறாய் என்றும், உன்னை என் வீட்டில் வைத்திருக்கச் சம்மதம் என்று நான் ஒபிசருக்குச் சொல்லவேண்டும் என்றும் எழுதியிருந்தாய். வாசித்தேன். அதற்கு இன்னும் நாள் கிடக்கிறது.

உடம்பைப் பார்.

அன்புடன் அம்மா
யோகமலர் இரத்தினவேல்

*

29.04.2024

அன்புள்ள அம்மா,

நலம். நீங்களும் லக்சிகாவும் நலமாக இருக்கவேண்டும். முழங்காலுக்கு அந்த எண்ணெயை விடாமல் பூசுங்கள். பல்லுக்கு இங்கே ஒரு குளிசை தருகிறார்கள், எல்லா வருத்தத்துக்கும் அதே குளிசை.

அம்மா, வெள்ளைக்காரி சொன்னது சரி. மே லோங் வீக்கென்ட் வராமல் இந்த ஊரில் ஒருவரும் வெளியில் நடுவதில்லை. அப்பா இருக்கும்போதும் நீங்கள் இதையேதான் செய்தீர்கள்.

பக்கத்து அறையில் இருந்தவனை நேற்றுச் சாப்பாட்டுத் தட்டால் முகத்தில் அடித்துக் கண்ணுக்குக் கீழே எலும்பை உடைத்துவிட்டார்கள். ஒரு பாண் துண்டுக்கு. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். இப்படி இடத்தில் எவ்வளவு காலம் இருப்பது?

சாம்பவியின் கை முறிந்தது உண்மை. நான் தள்ளினேன், அவள் படியில் விழுந்தாள். பதினொரு வருடக் குடும்பத்தில் ஒரு நாள். அதற்கு இத்தனை மாதம். அவள் நீதவானுக்கு முன்னால் அழுதாள், அவ்வளவுதான்.

ஒபிசர் கோடையில் உங்களிடம் வருவார். என்ன வீடு, யார் இருக்கிறார்கள், சண்டை சச்சரவு உண்டா என்று கேட்பார். "ஓம்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். வேறு ஒருவரும் எனக்கு இல்லை. சொல்வீர்கள்தானே?

உங்கள் மகன்
ராகுலன்

*

10.05.2024

அன்பு மகனுக்கு,

நீ சுகமாயிருக்கக் கடவுள் துணை. எனக்கு இரண்டு நாள் தடிமன், தும்மல், இப்போது சுகம். கண்ணெலும்பு உடைந்தவனைப் பற்றி வாசித்துவிட்டு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீ சுவரைப் பார்த்துக்கொண்டே சாப்பிடு.

கன்றுகள் போய்விட்டன. போன மாதக் கடைசியில் ஒரு விடிய எழும்பிப் பார்த்தால் எல்லாம் வெந்த கீரை மாதிரிக் கறுத்துச் சரிந்து கிடந்தன. வெள்ளைக்காரி தன் யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் சிரித்தாளோ தெரியாது, எனக்குச் சிரித்த மாதிரி இருந்தது. எனக்கு வந்த விசருக்கு, எல்லாவற்றையும் வேரோடு இழுத்துப் பிடுங்கி வேலியில் அடித்தேன். மண் சட்டிகளைக் காலால் உதைத்து உடைத்தேன். பெருவிரல் நகம் கிழிந்து இரத்தம் வந்த பிறகுதான் நின்றேன்.

என் கைக்குத் தப்பி மூலையில் ஒரு மிளகாய்க் கன்று கிடந்திருக்கிறது. ஒரு கிழமை கழித்து அதன் அடியிலிருந்து பச்சையாகத் துளிர் வந்தது. மற்றவைக்கும் வேர் உயிரோடு இருந்திருக்கும். பார்த்துக்கொண்டிருந்தால் வந்திருக்கும். நான்தான் கொன்றேன். பனி பாதி, நான் மீதி.

இப்போது திரும்ப விதை போட்டிருக்கிறோம். லோங் வீக்கென்ட் வரும் வரைக்கும் வெளியில் வைப்பதில்லை என்று லக்சிகா எனக்குச் சட்டம் போட்டிருக்கிறாள்.

பல்லை ஒருக்கால் வடிவாகக் காட்டு.

அம்மா

*

24.05.2024

அம்மா,

நலம். நான் கேட்டதற்கு இரண்டு கடிதத்திலும் பதில் இல்லை. கன்று, சட்டி, நகம் எல்லாம் எழுத இடம் இருக்கிறது.

உங்கள் முதல் கடிதத்தைத் திரும்ப வாசித்தேன். கறிவேப்பிலை மரத்தை டெக்கில் வைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் ஏது கறிவேப்பிலை மரம்? நீங்கள் வைத்தது நாலும் பட்டுப்போய், ஒவ்வொரு கிழமையும் எங்கள் வீட்டுக்கு வந்துதானே ஒடித்துக்கொண்டு போவீர்கள்? அது சாம்பவியின் மரம். மார்க்கம் நகரில் எங்கள் வரவேற்பறை யன்னலில் நின்றது. பிள்ளையை விட்டுவிட்டுப் போனாலும் அவள் அதை விட்டுவிட்டுப் போகமாட்டாள்.

அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நீங்கள் சொல்லுங்கள். அந்த மரம் எப்படி உங்கள் டெக்கில் வந்தது?

ராகுலன்

*

03.06.2024

அன்பு மகனுக்கு,

உன் சுகத்தைக் கேட்டுத் தொடங்குகிறேன். நீ என் சுகத்தைக் கேட்க மறந்துவிட்டாய், பரவாயில்லை.

மரம் சாம்பவியினுடையதுதான். அவள் போன இடத்தில் வெளிச்சம் இல்லையாம். கொண்டுவந்து தந்துவிட்டுப் போனாள். எங்கே போனாள் என்று நான் கேட்கவில்லை.

இங்கே கிரவுண்ட்ஹொக் ஒன்று டெக்குக்குக் கீழே பொந்து வைத்திருக்கிறது. பூனையிலும் பெரிது, பன்றிக்குட்டி மாதிரி. புதுப் பயித்தைக் கன்றுகளை ஒரே பகலில் கத்தரிக்கோலால் வெட்டிய மாதிரித் தின்றுவிட்டு, பின்னங்காலில் எழும்பி நின்று என்னைப் பார்த்தது. பெரிய பானையில் தண்ணீர் கொதிக்க வைத்துக் கொண்டுபோய்ப் பொந்துக்குள் ஊற்றினேன். உள்ளே கத்துகிற சத்தம் கேட்கவேண்டும் என்று காது வைத்துக் கேட்டேன். அது மற்றப் பக்கத்தால் வெளியில் வந்து வேலியடியில் நின்றது. கொதி தண்ணீர் ஓடிப்போய் என் புடலங்கன்று ஒன்றின் வேரை அவித்துவிட்டது.

லக்சிகா கேட்டாள், "அப்பம்மா, அதுக்கும் பிள்ளையள் இருந்தா?" என்று. நான் பானையைக் கழுவி வைத்துவிட்டேன். இப்போது கம்பி வலை வாங்கிச் சுற்றி அடித்திருக்கிறது. ஒரு முழம் மண்ணுக்குள் தாழ்த்து. முதுகு முறிகிற வேலை, ஆனால் அதுதான் வேலை.

பரோல் விசயம் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவசரப்படுத்தாதே.

அம்மா

*

15.06.2024

என் அன்பான அம்மாவுக்கு,

மிக நலம். உங்கள் முதுகு, முழங்கால், தடிமன் எல்லாம் எப்படி? என் மகளுக்கு என் முத்தம்.

நான் கோபமாக எழுதியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். மரக் கதையை விட்டுவிடுங்கள். அவளுடைய மரம், அவளுடைய பாடு. உங்கள் கிரவுண்ட்ஹொக்கை வாசித்துச் சிரித்தேன். இங்கே வந்து முதன்முதல் சிரித்தது.

இந்த வயதில் தனியாகப் பந்தல் போட்டு விழுந்து தொலைக்காதீர்கள். பஸ்ரியனை உங்களுக்குத் தெரியும்தானே, என்னோடு பிறம்ரனில் ட்ரக் ஓடினவன். அவனிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு சனிக்கிழமை மண் பைகளோடு வருவான். வேலை செய்யவிட்டு ஒரு தேத்தண்ணீர் கொடுங்கள், போதும்.

உங்களை நினைத்தபடி
ராகுலன்

*

22.07.2024

ராகுலன்,

நான் உயிரோடு இருக்கிறேன். நீயும் இரு.

ஒரு மாதமாக எழுதவில்லை. எழுதத் தொடங்கிய ஒவ்வொரு முறையும் தாளைக் கிழித்துப் போட்டேன்.

முதலில் உள்ளதைச் சொல்லுகிறேன். சாம்பவி இங்கேதான் இருக்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து விட்ட அன்றே வந்தாள். ராக்ஸியிலிருந்து இறங்கும்போது வலது கையில் மாக்கட்டு. இடது கையால் அந்த மரச்சட்டியை ஸ்னோவுக்கு மேலால் இழுத்துக்கொண்டு வந்தாள். லக்சிகா பின்னால் உடுப்புப் பையோடு வந்தாள். "மாமி, எங்கை போறதெண்டு எனக்குத் தெரியேல்லை" என்றாள். நான் கதவைத் திறந்துவிட்டேன். எக்ஸ்ரே படம் எடுத்த டொக்டர் எனக்கும் காட்டினார். படியில் விழுந்து உடைந்த எலும்பு அப்படி உடையாதாம். பிடித்து முறுக்கினால்தான் அப்படி உடையுமாம். இரண்டு இடத்தில்.

அது தெரிந்துகொண்டும் உனக்கு "ஓம்" சொல்ல நினைத்திருந்தேன். அவர்களுக்கு வேறு ஒரு பேஸ்மென்ற் பார்த்துக் கொடுத்துவிட்டு உன்னைக் கூப்பிடலாம் என்றிருந்தேன். பெற்ற வயிறு. அதுதான் நான் பதில் எழுதாமல் இழுத்தது.

ஆனிக் கடைசியில் உன் பஸ்ரியன் வந்தான். பந்தல் அதற்கு முன்பே போட்டாயிற்று. நான் கட்ட, சாம்பவி தடியைப் பிடித்தாள். புடலை பாதிப் பந்தல் ஏறி வெள்ளைப் பூவாய் நின்றது. பஸ்ரியன் மண் பையை இறக்கிவிட்டுக் கொடியில் காய்ந்த உடுப்பைப் பார்த்தான்.

"ஆற்றை சட்டை அன்ரி அது?"

"உன்ரை அம்மான்ரை. தேத்தண்ணி குடிச்சாச்செல்லோ, வெளிக்கிடு."

"ஏன் அன்ரி கலைக்கிறியள்? ராகுல் பாக்கச் சொன்னவன், பாத்திட்டுப் போறன்."

"என்னத்தைப் பாக்கச் சொன்னவன்?"

அவன் சொல்ல முதல் சாம்பவி கீரை பிடுங்கக் கிண்ணத்தோடு பின்கதவால் வந்துவிட்டாள். அவனைக் கண்டதும் கிண்ணம் கீழே விழுந்தது.

"தங்கச்சி, பயப்பிடாதை," என்றான். "ஒரு சொல்லு சொல்லு. கைதவறி நடந்ததெண்டு. எழுதிக் குடுத்தியெண்டால் அவன் வெளியிலை வந்திடுவான்."

"மாமி, இவரைப் போகச் சொல்லுங்கோ."

"போறன், போறன். ஒரு படம் எடுத்துக்கொண்டு போறன். அவனுக்கும் தெரியத்தானே வேணும், பெஞ்சாதி எங்கை ஒளிச்சிருக்கிறா எண்டு." போனைத் தூக்கிப் பிடித்தான்.

"டேய், அதைப் பொக்கற்றுக்குள்ளை வை," என்றேன்.

"நீங்கள் ஒரு தாயோ? பெத்த பிள்ளை மறியலிலை கிடந்து காயுது. அவனைப் பிடிச்சுக் குடுத்தவளுக்குப் பந்தல் போட்டு வைச்சிருக்கிறியள்!"

சொல்லிக்கொண்டே பந்தல் காலை உதைத்தான். ஒரு கால் முறிய மற்ற மூன்றும் இழுபட்டுக்கொண்டு வந்தன. அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்: உன் மகள் அந்தப் பந்தலுக்குக் கீழே குந்தியிருந்து தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். தடியும் கம்பியும் கொடியும் அவளுக்கு மேலே விழுந்தன.

மண்வெட்டி என் கையில்தான் இருந்தது. பிடியால் அடித்தேன். முதல் அடி தோளில். இரண்டாவது கையில், போன் பறந்தது. மூன்றாவது வாயில். பல் ஒன்று உதட்டைப் பொத்துக்கொண்டு வெளியில் வந்ததைக் கண்டேன். தக்காளிப் பாத்திக்குள் விழுந்து கையைத் தூக்கி, "அன்ரி, அன்ரி" என்றான். நான் மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்தேன். இரும்புப் பக்கம். எனக்குப் பொய் எழுதத் தேவையில்லை. அந்த நேரம் எனக்கு இனித்தது. அவன் தலையைப் பிளந்துவிட்டால்தான் ஆறும்போல் இருந்தது.

கொடிக்குள்ளிருந்து பிள்ளை கத்தினாள். "அப்பம்மா, ஸ்ரொப்! ப்ளீஸ், ப்ளீஸ், ஸ்ரொப்!"

நெற்றி வெடித்து இரத்தம் கண்ணுக்குள் வடிகிறது. அதைத் துடைக்கவில்லை. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, முழங்காலுக்குள் தலையை வைத்துக்கொண்டு கத்தினாள். சாம்பவி ஓடிப்போய் அவளை மூடிக்கொண்டு கிடந்தாள், முறிந்த கையை வெளியில் நீட்டி. இரண்டு பேரும் பஸ்ரியனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்கள். அப்படிக் கிடக்க அவர்களுக்குப் பழக்கம் என்று அப்போதுதான் விளங்கியது. யார் பழக்கினது என்று நான் எழுதத் தேவையில்லை.

மண்வெட்டியை வேலிக்கு அங்காலே எறிந்தேன்.

வெள்ளைக்காரி பொலிசைக் கூப்பிட்டிருந்தாள். அவர்கள் வர முதல் பஸ்ரியன் வாயைப் பொத்திக்கொண்டு ட்ரக்கை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான். எங்கள் மூன்று பேரையும் தனித்தனியே விசாரித்தார்கள். நான் அடித்ததை மறைக்கவில்லை. என்னை எச்சரித்துவிட்டு, அவனை ஆர் அனுப்பினது என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். பிள்ளையின் நெற்றிக்கு ஐந்து தையல்.

நீ பஸ்ரியனை எதற்கு அனுப்பினாய் என்று எனக்கு எழுதாதே. எனக்குத் தெரியும்.

அம்மா

*

31.07.2024

பொலிஸ் இங்கேயும் வந்தது. ஆளை வைத்து அவளைத் தேடினேன் என்று புதுக் கேஸ். சந்தோசமா?

நீங்கள் எனக்கு அம்மாவா, அவளுக்கு அம்மாவா? ஏழு மாதம் என்னை மடையனாக்கி வைத்திருந்தீர்கள். நீங்கள் எனக்குக் கை நீட்டவில்லையா? பூவரசந் தடி முறிய முறிய அடித்துவிட்டு அன்று பின்னேரமே சோறு தீத்தவில்லையா? உங்களை யார் மறியலில் போட்டது?

ஒபிசர் வருவார். "ஓம்" என்று சொல்லுங்கள். அவளை அனுப்பிவிட்டுச் சொல்லுங்கள். இல்லை என்றால் உங்களுக்கு மகன் இல்லை. எப்படியும் ஒரு நாள் நான் வெளியில் வருவேன், அது நினைவிருக்கட்டும்.

ரா.

*

19.08.2024

அன்பு மகன் ராகுலனுக்கு,

நீ கூப்பிடாவிட்டாலும் அம்மா அம்மாதான். உன் பல் எப்படி? என் முழங்கால் அப்படியே.

ஒபிசர் வந்துபோனா. ஒரு இளம் பெண். தமிழ் சொல்ல ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு வந்தா. லக்சிகா மொழிபெயர்க்கிறேன் என்று வந்தாள், நான் பள்ளித்தோழி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். தகப்பனைப் பற்றி நான் சொல்லப்போவதை அவள் வாயால் சொல்லவைக்கக்கூடாது.

அவ வர முதல் சாம்பவி குசினிக்குள் வந்தாள். "மாமி, நீங்கள் ஓம் எண்டு சொல்லுங்கோ. நாங்கள் எங்கையாலும் போறம். பிள்ளையைப் பிரிஞ்ச தாயா நீங்கள் இருக்கவேண்டாம்," என்றாள். உடுப்புப் பையை அடுக்கி வாசலில் வைத்திருந்தாள்.

"நீ போற எண்டால் போ. நான் இல்லையெண்டுதான் சொல்லப்போறன். பிறகு தனிய இருந்து புடலங்காய் தின்னுறன்," என்றேன்.

"புடலைதான் செத்துப்போச்சே மாமி," என்றாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பிறகு அவள் அழுதாள். நான் அழவில்லை. எனக்கு ஆள் வரப்போகிறது.

ஒபிசர் கேட்டா, மகன் இந்த வீட்டில் இருக்கச் சம்மதமா என்று. "இல்லை," என்றேன். தமிழ் சொல்ல வந்த பெடியன் என்னைப் பார்த்தான். "அம்மா, வடிவா யோசிச்சுச் சொல்லுறியளோ?" என்றான். "நீ கேட்டதைச் சொல்லு ராசா, யோசிக்கிறது என்ரை வேலை," என்றேன்.

காரணம் கேட்டா. இந்த வீட்டில் ஏற்கனவே என்னைப்போல ஒரு அடிகாரி இருக்கிறாள், அவளை மேய்க்கவே நேரம் சரி, இரண்டாவது ஆளுக்கு இடமில்லை என்றேன். பெடியன் அதை எப்படி இங்கிலிஷில் சொன்னானோ தெரியாது, அவ எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தா.

நீ வெறுக்கலாம். எழுதாமல் விடலாம். நான் மாதம் ஒன்று எழுதுவேன்.

அம்மா

*

23.09.2024

அன்பு மகனுக்கு,

உன் கடிதம் வரவில்லை. சுகமாயிரு. பரோல் இல்லை என்று ஒபிசர் கோல் பண்ணிச் சொன்னா.

விழுந்த புடலையைச் சாம்பவி சேலைத் துண்டால் கட்டி நிமிர்த்திப் பார்த்தாள். வரவில்லை. பந்தலையும் திரும்பப் போடவில்லை. தக்காளி கொஞ்சம் தப்பியது, அணில்கள் ஒவ்வொன்றிலும் ஒரு கடி கடித்துவிட்டு எறிகின்றன. ஒன்றுக்கும் தடி எடுக்கவில்லை. வாயால் பேசுகிறேன், நிறையப் பேசுகிறேன்.

லக்சிகா அந்த நாளிலிருந்து எனக்குக் கிட்ட வரவில்லை. நான் குசினிக்குள் வந்தால் அவள் எழும்பி மற்ற அறைக்குப் போவாள். கரண்டி கை தவறி விழுந்தாலும் காதைப் பொத்துவாள். முந்தின யோகமலர் என்றால் கையைப் பிடித்து இழுத்து மடியில் இருத்தி, "அப்பம்மாவிலை உனக்கென்னடி பயம்?" என்று கேட்டிருப்பாள். நான் கூப்பிடவில்லை. பின்னேரங்களில் கீரைப் பாத்திக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு இருந்து புல்லுப் பிடுங்குவேன். கையில் ஒரு ஆயுதமும் வைத்திருப்பதில்லை. அவள் யன்னலுக்குள்ளால் பார்ப்பாள். நான் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆடி போய் ஆவணியும் போய்விட்டது.

போன கிழமை வந்து மற்றப் பக்கத்தில் இருந்தாள். கீரையையும் சேர்த்துப் பிடுங்கினாள், நான் திருத்தவில்லை. நேற்று, "அப்பம்மா, நீங்கள் இன்னும் கோபமோ?" என்று கேட்டாள். "இல்லையடி," என்றேன். "எப்பவும் இல்லையோ?" என்றாள். "வந்தால் சொல்லுறன், நீ ஓடிப்போ," என்றேன். தலையை ஆட்டினாள். நீ எழுதினாலும் எழுதாவிட்டாலும் இதை உனக்குச் சொல்லவேண்டும்போல் இருந்தது.

அம்மா

*

14.10.2024

அம்மா,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்தைப் பார்த்துத் திட்டவேண்டாம்.

ஆவணிக் கடிதம் வந்த அன்று சுவரில் அடித்தேன். ஒரு முறை இல்லை. எலும்பு வெளியில் தெரியும் வரைக்கும் அடித்தேனாம், எனக்கு நினைவில்லை. மூன்று பேர் பிடித்தார்களாம். மணிக்கட்டில் கம்பி வைத்திருக்கிறது. பல்லும் பிடுங்கியாயிற்று, இரண்டும் ஒரே கிழமையில்.

ஒரு கையால் களிசான் நாடா கட்ட முடியாது அம்மா. அறையில் இருக்கிற கிழவனைக் கேட்டுக் கட்டுவிக்கிறேன். அவன் ஒவ்வொரு நாளும் கட்டிவிடுகிறான். சாப்பாட்டு மூடி திறக்க, சவர்க்காரம் பிடிக்க, எல்லாவற்றுக்கும் ஆள் கேட்கவேண்டும். நோவு பெரிதில்லை. கேட்கிறதுதான்.

உங்கள் செப்டெம்பர் கடிதத்தை நிறையத் தரம் வாசித்தேன். பிள்ளை காதைப் பொத்துவது எனக்குத் தெரியும். நான் கண்டிருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். சாம்பவியின் கை இப்போது எப்படி?

ராகுலன்

*

28.10.2024

அன்பு மகன் ராகுலனுக்கு,

உன் இடது கை எழுத்து வலது கை எழுத்திலும் திறம். அப்படியே எழுது. மணிக்கட்டில் குளிர் படவிடாதே, கம்பி வைத்த இடம் மாரியில் உளையும். பல் போன இடத்தை நாக்கால் தோண்டாதே. கிழவருக்கு என் நன்றியைச் சொல்லு.

தோட்டம் முடிந்தது. முந்தநாள் உறைபனி. இந்த முறை நான் ஒன்றையும் பிடுங்கவில்லை, தானாகக் காயட்டும் என்று விட்டிருக்கிறேன். வெள்ளைக்காரி உள்ளிப் பூண்டுப் பல்லுக் கொஞ்சம் தந்தாள். இப்போது ஊன்றினால் ஸ்னோவுக்குக் கீழே கிடந்து அடுத்த ஆடியில் எடுக்கலாமாம். "ரூ ஏர்லியோ?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். நானும் லக்சிகாவும் ஊன்றினோம்.

புதுக் கேசுக்கும் சேர்த்து மாசியில் உன்னை விடுவார்கள் என்று அறிந்தேன். இங்கே வராதே. நான் உன்னைத் தேடி வருவேன், பஸ் எடுத்து, தனியாக. நீ எங்கே இருக்கிறாயோ அங்கே சோறு கட்டிக்கொண்டு வருவேன். லக்சிகாவைக் கூட்டிக்கொண்டு வா என்று கேட்காதே. வருவதென்றால் அவள் கேட்கவேண்டும். அதற்கு எவ்வளவு காலம் என்று எனக்குத் தெரியாது.

நீ கேட்டதற்கு மறுமொழி. சாம்பவியின் வலது கை தோளுக்கு மேலே எழும்பாது. முழங்கை முழுதாக நீளாது. இனி நீளாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். பேனை பிடிப்பாள், பானை பிடிக்கமாட்டாள். குளிர் நாட்களில் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பாள், கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். தன் தலையைத் தானே பின்ன முடியாது. காலையில் வேலைக்குப் போக முதல் எனக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருப்பாள், நான் பின்னிவிடுகிறேன். முதல் நாள் நான் சீப்போடு கையைத் தூக்க அவள் குனிந்து இடது கையால் தலையை மூடினாள். கையை இறக்கிவிட்டு நின்றேன். அவள் தானாக நிமிரும் வரைக்கும் நின்றேன். இப்போதும் சில காலைகளில் அப்படித்தான். நிற்கிறேன்.

நீ கேட்டாய் என்று அவளுக்குச் சொல்லவில்லை. சொல்லமாட்டேன்.

உன் அம்மா
யோகமலர்